வலப்பக்கம் போக வேண்டிய மணிகள்

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் கூட்டத்தில் எழுந்து நின்று "தெரியாது" என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அதற்கு முன்பு அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம். நீள மேசை. நடுவில் இயக்குநர். அவருக்கு இரண்டு பக்கமும், அவரைப் பார்த்தபடி கழுத்தைத் திருப்பி வைத்திருந்த பேராசிரியர்கள். அவள் தன் கருவியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

கருவி பெரிய விஷயமில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி. நடுவில் ஒரு தடுப்பு. தடுப்பில் அடியிலிருந்து சற்று உயரத்தில் ஒரு சன்னமான பிளவு. உள்ளே எஃகு மணிகள். சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதுதான். பெட்டிக்கு அடியில் அதை மேலும் கீழுமாக அதிர வைக்கும் இயந்திரம். அதிர்வைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு.

திருகை முழுக்கத் திறந்தால் மணிகள் காற்றைப் போலப் பறக்கும். இரண்டு அறையிலும் சமமாக இருக்கும். மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அவை அலைபாயத் தொடங்கும். கூட்டமாக இந்தப் பக்கம் பாயும். மனம் மாறியதுபோல அந்தப் பக்கம் பாயும். இன்னும் ஒரு மயிரிழை குறைத்தால் சமநிலை உடைந்துவிடும். ஏறக்குறைய எல்லா மணிகளும் ஒரே அறைக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். அடுத்த அறை காலி.

"மோதுற ஒவ்வொரு தடவையும் மணி கொஞ்சம் சக்திய இழக்குது சார்," என்றாள். "கூட்டம் இருக்கிற பக்கம் மோதல் ஜாஸ்தி. அதனால சோர்வும் ஜாஸ்தி. சோர்ந்துபோன மணியால பிளவு வரைக்கும் எம்ப முடியாது. வந்தது திரும்பிப் போகாது. அடுத்த பக்கத்துலேருந்து இன்னும் வந்துகிட்டே இருக்கும்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிலையத்தில் அது ஒரு நிகழ்ச்சி.

"எந்தப் பக்கம் சேரும்?"

"தெரியாது சார்."

யாரோ கலக்கிக்கொண்டிருந்த கரண்டி கோப்பைக்குள் நின்றது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தன் செருப்பைப் பார்த்தார். அவருக்கு நிலையம் முழுவதும் ஆமாஞ்சாமி என்று பெயர். அவரிடமே அதைச் சொன்னால் அதற்கும் ஆமாம் என்பார்.

"இன்னும் கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சாச்சு சார். முன்கூட்டிச் சொல்ல முடியாதுங்கறதுதான் கண்டுபிடிப்பு. மேசை மட்டமா இருந்தா பாதித் தடவை இடது, பாதித் தடவை வலது. உடையறதுக்கு முன்னாடி வர்ற ஏற்ற இறக்கம் இருக்கே, அது எவ்வளவு பெரிசாகுதுங்கறதுதான் என் ஆய்வே."

"நம்ம நிலையத்து மணி. நம்ம மின்சாரம்," என்றார் இயக்குநர். "நம்மள ஒரு வார்த்தை கேக்காம அது எப்படி ஒரு பக்கமா முடிவெடுக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை இல்லை என்பது மேசைக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. சமர்ப்பிக்காவிட்டால் ஒப்பந்தம் நீளாது. ஒப்பந்தம் நீளாவிட்டால் அவள் இத்தனை வருடம் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்த பெண், அவ்வளவுதான். நிலையத்தில் அவளுக்கு ஏற்கெனவே குலுக்கி என்றுதான் பெயர்.

---

வீட்டில் அந்த மணிகளுக்கு மரியாதை இருந்தது.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரத்தை யார் கழுவுவது என்று கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டையை மணிகள்தான் தீர்த்து வைத்தன. அன்றைய கடைசிச் சோதனையில் மணிகள் இடப்பக்கம் சேர்ந்தால் அவர் கழுவ வேண்டும். வலப்பக்கம் என்றால் அவள். வேலை முடிந்ததும் தொலைபேசியில் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"நேத்தும் இடதுதானே? என்மேல உன் மணிக்கு என்ன கடுப்பு?"

"அதுக்கு நேத்து ஞாபகமெல்லாம் கிடையாதுங்க."

"குடுத்து வச்ச ஜென்மம்," என்பார் அவர். கழுவுவார். ஒருநாளும் மேல்முறையீடு செய்ததில்லை.

அன்று இரவு அவள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் தட்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியாததத் தெரியாதுன்னு சொன்னே. அதுக்கா கண்ணாடியக் கழட்டினாரு?"

"ஆமா."

"எங்க டெப்போவுல தெரியாத வண்டியத் தெரியும்னு சொல்லி எடுத்தாத்தான் கழட்டுவாங்க. வேலையிலேருந்து."

---

அடுத்த வாரம் நிலையத்தில் ஒரு புதிய பிரிவு திறக்கப்பட்டது. தடுமாற்றத் தடுப்புப் பிரிவு. ஏற்ற இறக்கம் என்ற சொல் ஏறுவதை மட்டும் ஒப்புக்கொள்ளும் நிலையத்துக்குப் பொருந்தாது என்று பெயர் சூட்டிய குழு கருதியதால் தடுமாற்றம் என்று மாற்றப்பட்டது. பிரிவுக்கு ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். தடுக்க வேண்டிய தடுமாற்றம் நிலையத்தில் ஒரே ஓர் அறையில்தான் இருந்தது. அதனால் அவர் நேராக அங்கே வந்தார்.

"திங்கக்கிழமை எந்தப் பக்கம்?"

"இடது சார்."

"செவ்வாய்?"

"வலது."

"நடுவுல என்ன நடந்துச்சு?"

"ராத்திரி ஆச்சு சார்."

அவர் குறித்துக்கொண்டார். "யாராவது வந்து மணிகளப் பாத்தாங்களா?"

"இல்ல."

"எல்லாம் ஒரே கடையில வாங்கினதா?"

"ஆமா சார்."

"ஒரே கடை. ஒரே பெட்டி. இருந்தும் ஒத்துமை இல்ல." அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "இதுல தூண்டிவிடுறது எது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, இவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கத் தயாரானாள். அவர் முகத்தில் அதற்கு இடம் இல்லை.

"அப்படி எதுவும் இல்ல சார். எல்லாம் ஒரே மாதிரி."

"ஒரே மாதிரின்னா ஏன் ரெண்டு பக்கம் போகுது? மேடம், நான் முப்பது பேர் வேலை பாத்த ஆபீஸ அடக்கினவன். ஒருத்தன் இருப்பான். எப்பவும் ஒருத்தன் இருப்பான்."

அவர் இடுக்கியால் ஒரு மணியை எடுத்தார். ஏன் அதை எடுத்தார் என்று கேட்டதற்கு, அது பளபளப்பாக இருக்கிறது என்றார். அதை உறையில் போட்டு ஒட்டினார். விசாரணை முடியும்வரை அந்த மணி இடைநீக்கம் செய்யப்பட்டது.

மறுநாளும் மீதி மணிகள் இடமும் வலமுமாகத்தான் போயின. அந்த மணி நிரபராதி என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஆனால் திரும்பி வரவில்லை. நிரபராதிகளைத் திருப்பி அனுப்பும் நடைமுறை பிரிவில் இன்னும் வகுக்கப்படவில்லை.

அந்த வாரக் கடைசியில் அதிகாரி ஊழியர்களைக் கூட்டி உரையாற்றினார். முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"தடுமாற்றம்ங்கறது நோய்," என்றார். "நானும் ஒரு காலத்துல தடுமாறினவன்தான், மறைக்கல. சின்ன வயசுல ஒரு விஷயத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கோன்னு நினைச்சிட்டேன். வருஷக்கணக்கா பதவி உயர்வே இல்ல. ஒருநாள் உக்காந்து யோசிச்சேன். அதுக்கப்புறம் யோசிக்கவே இல்ல. இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கிறேன்."

கைதட்டினார்கள். ஆமாஞ்சாமி கொஞ்சம் அதிகமாகத் தட்டினார்.

---

நிலையத்தில் இரண்டு கட்டடங்கள். அவளுடைய ஆய்வகம் இருப்பது ஒன்று. இயக்குநர் இருப்பது மற்றது. நடுவில் ஒரு நடைபாதை. நடைபாதையில் ஓர் இரட்டைக் கதவு. அதில் ஒரு கதவு துருப்பிடித்து நகராது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும்.

அவள் சேர்ந்த புதிதில் இரண்டு கட்டடங்களிலும் ஆட்கள் சமமாக இருந்தார்கள். காலையில் கருவிகள் ஓடும் சத்தம் படிக்கட்டு வரை கேட்கும். அப்புறம் கூட்டங்கள் தொடங்கின. முதலில் போனவர் ஒளியியல் ஆய்வாளர். ஒரு கூட்டத்துக்குப் போனார், களைத்து உட்கார்ந்தார், அங்கேயே ஓர் அறை கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்து குளிர்நிலைப் பிரிவு. ஒரு கூட்டம் முடிந்து வெளியே வருபவரை அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர் மோதி உள்ளே தள்ளிக்கொண்டு போவார். ஆள் சேரச் சேரக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடக் கூட எவருக்கும் எழுந்து கதவு வரை வரத் தெம்பில்லை.

இப்போது இந்தக் கட்டடத்தில் அவளும், தரைத்தளத்துப் பட்டறையில் கடைசல்காரரும்தான். மதியத்தில் நடைபாதையில் நின்றால் அந்தப் பக்கத்து முணுமுணுப்பு கேட்கும். இந்தப் பக்கம் அவளுடைய மணிகளின் சத்தம் மட்டும்.

அவள் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

---

அடுத்த கூட்டத்தில் இயக்குநர் தீர்வு வைத்திருந்தார்.

"சராசரி," என்றார். "பாதித் தடவை எல்லாம் இடது. பாதித் தடவை எல்லாம் வலது. சராசரி எடுத்தா என்ன வருது?"

"ரெண்டு பக்கமும் பாதிப்பாதி சார்," என்றார் ஆமாஞ்சாமி.

"அதிர்வு பலமா இருக்கும்போது என்ன வருது?"

"அப்பவும் பாதிப்பாதிதான் சார்."

"அப்ப எதுவும் மாறல. நிலைமாற்றம் நடக்கவே இல்ல." இயக்குநர் கைகளைக் கோத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நடக்காத ஒரு விஷயத்துக்கு மின்சாரம் செலவாகியிருக்கு. பரவாயில்ல. இளம் ஆய்வாளர்கள மன்னிக்கிறது என் கடமை."

அவள் எழுந்தாள். "சார், பாதிப்பாதி ஒரு தடவைகூட வந்ததில்ல. எப்பவும் ஏதோ ஒரு பக்கம்தான். நீங்க சொல்ற சராசரி நடக்காத ஒண்ணு."

"நடக்கலேன்னா சராசரி எப்படி வரும்?"

"நடந்ததக் கூட்டி வகுத்தா வரும். ஆனா—"

"பாத்தீங்களா? நடந்ததுலேருந்துதானே வருது."

மேசை தலையாட்டியது. அவள் கையில் இருந்த பென்சில் ஒடிந்தது. அதை ஒடித்தது தான்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஏற்ற இறக்கங்களைப் பற்றிய அத்தியாயம் முழுவதையும் நீக்கிவிட்டு ஆய்வேட்டைக் கொண்டுவந்தால் ஒப்புதல் பரிசீலிக்கப்படும் என்று முடிவாயிற்று. ஆய்வேடு என்பதே அந்த அத்தியாயம்தான்.

வெளியே நடைபாதையில் வழிகாட்டியைப் பிடித்தாள்.

"சார், இந்தக் கேள்விய என்கிட்ட குடுத்ததே நீங்கதான். அந்த அலைபாயறதப் பாத்துட்டு மொத மொதல்ல துள்ளிக் குதிச்சதும் நீங்கதான்."

"ஆமா," என்றார் ஆமாஞ்சாமி.

"அப்ப உள்ள ஏன் சார் பேசல?"

"ஆமா," என்றார் மறுபடியும். ஒற்றைக் கதவு வழியாகத் திரும்ப உள்ளே போனார்.

வீட்டில் நடந்ததைக் கணவரிடம் சொன்னாள். அன்று அவர் முறை. கை முழுக்க சோப்பு நுரை.

"ஒருநாள் முழுக்க நான். ஒருநாள் முழுக்க நீ. சராசரி ஆளுக்குப் பாதி. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப தினமும் ஆளுக்குப் பாதி கழுவியாச்சுன்னு எழுதி வச்சிட்டு, இத இப்படியே போட்டுட்டுப் படுத்தா நாளைக்கு எதுல சாப்பிடுவாரு உங்க இயக்குநர்?"

---

பிறகு தலைமைப் பார்வையாளர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. நிலையம் நீடிப்பதும் மூடப்படுவதும் அவர் கையில். காட்டுவதற்கு நிலையத்தில் அசைகிற பொருள் எது என்று தேடினார்கள். குலுக்கியின் பெட்டி ஒன்றுதான் அசைந்தது.

நடக்கவே நடக்காத நிலைமாற்றத்தைப் பார்வையாளர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும் என்று ஆணை வந்தது.

"போன மாசம் அது நடக்கலேன்னு முடிவு பண்ணீங்களே சார்," என்றாள்.

"அது ஆய்வேட்டுக்கு," என்றார் இயக்குநர். "இது விருந்தாளிக்கு. சராசரியக் காட்டினா யாரு கை தட்டுவாங்க? மணியெல்லாம் வலப்பக்கம் சேரணும். பார்வையாளரோட நாற்காலி வலப்பக்கம்."

ஒத்திகையில் மணிகள் இடப்பக்கம் சேர்ந்தன. அதிகாரி வியர்த்தார். நாற்காலியை இடப்பக்கம் மாற்றிப் போட்டார்கள். மணிகள் வலப்பக்கம் சேர்ந்தன. நாற்காலியைத் திருப்பி எடுத்துவர ஆள் போனார். மணிகள் மறுபடியும் வலம். நாற்காலி வந்து சேர்ந்தது. மணிகள் இடம். நாற்காலி தூக்கியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கடைசல்காரர் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் ஓர் அலுமினிய ஆப்பு. அழகாகக் கடைந்து மெருகேற்றியிருந்தார்.

"என்னண்ணே இது?"

"மேசைக்கால்ல சொருகச் சொன்னாங்க. ஒரு பக்கம் லேசா தூக்கினாப் போதுமாம்."

"சொருகினா எப்பவும் ஒரே பக்கம்தான் போகும். அப்புறம் இது சோதனையே இல்ல."

"எனக்கென்னம்மா, செய்யச் சொன்னா செய்வேன். போன வருஷம் அவரு நாற்காலிக்கு அடியில வைக்க ஒண்ணு செய்யச் சொன்னாங்க, மத்தவங்களவிட உசரமாத் தெரியணும்னு. அது இதவிடப் பெரிசு." அவர் குனிந்து ஆப்பைச் சொருகினார். நிமிரும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை மேசைமேல் வைத்தாள். குழாய்க்குள் குமிழி நடுவை விட்டு ஓரத்துக்கு ஓடியது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் செய்யும் முதல் வேலை அந்தக் குமிழியை நடுவில் நிறுத்துவதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பின்னால் நின்றிருந்த அதிகாரியிடம் அதைக் காட்டினாள்.

"பாருங்க சார். சாய்ஞ்சிருக்கு."

அதிகாரி ரசமட்டத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குமிழி அங்கும் இங்கும் ஓடியது.

"இதுவே தடுமாறுதே," என்றார். "இத வச்சா இத்தனை நாள் அளந்தீங்க?" அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் மணிகள் வலப்பக்கம் சேர்ந்தன. வாரம் முழுவதும் அவள் பாத்திரம் கழுவினாள். வார முடிவில் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"மறுபடியுமா?" அவர் சந்தோஷப்படவில்லை. "எனக்கு உன் ஆராய்ச்சி தெரியாது. ஆனா ரோட்டுல வண்டி ஒரே பக்கமா இழுத்துக்கிட்டே போனா எங்கயோ கோளாறுன்னு தெரியும். உங்க ஆபீஸ்ல ஏதோ தில்லுமுல்லு நடக்குது."

அவள் குழாயை மூடினாள். நிலையத்தில் இத்தனை பேர் இருந்தும் அந்தச் சந்தேகம் அங்கிருந்து வரவில்லை.

"ஆமாங்க," என்றாள். "நடக்குது. மேசைக்கால்ல ஆப்பு சொருகியிருக்காங்க. நான்தான் அதுக்குத் திருகு திருப்பிக்கிட்டிருக்கேன்."

---

பார்வையாளர் வந்தார். எதிர்பார்த்ததைவிடக் குள்ளமானவர். பூச்செண்டை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் நிலையம் மொத்தமும் நின்றது. பல பேர் அந்தக் கட்டடத்துக்கே வருடங்கள் கழித்து வந்திருந்தார்கள். விளக்குப் பொத்தான் எங்கே என்று ஒருவர் கேட்டார். அது அவருடைய பழைய ஆய்வகம்.

இயக்குநர் பேசினார். "இந்த நிலையத்துல நான் பொறுப்பேத்தப்ப எல்லாம் சிதறிக் கிடந்துச்சு. ஆளுக்கு ஒரு திசை. ஆளுக்கு ஒரு கேள்வி. இன்னைக்கு எல்லாரும் ஒரே இடத்துல இருக்கோம். ஒருத்தரும் நகர்றதில்ல. உலோக மணிக்குக்கூட அந்தக் கட்டுப்பாடு வந்திருக்குங்கறத இப்ப பாக்கப் போறீங்க."

அவளுக்குக் கை காட்டினார்.

அவள் மேசைக்கு அருகே குனிந்தாள். ஆப்பைப் பிடுங்கினாள். இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் பார்க்க அதை மேசை ஓரத்தில் வைத்தாள். ரசமட்டம் இல்லை. அதனால் ஒரு மணியை எடுத்து மேசைப் பலகைமேல் வைத்தாள். அது உருளவில்லை. திசை மாற்றி இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் அசையாமல் நின்றது.

அதிகாரியின் வாய் திறந்தது. பார்வையாளர் முன்னால் அவரால் சத்தம் போட முடியவில்லை.

திருகை முழுக்கத் திறந்தாள். மணிகள் கிளம்பின. மழைபோலச் சத்தம். மெல்லக் குறைத்தாள். இன்னும் மெல்ல. அந்தக் கட்டம் வந்தது. மணிகள் அலையாக வலப்பக்கம் பாய்ந்தன. வேடிக்கை பார்த்த கூட்டம் மூச்சு விட்டது. அலை திரும்பி இடப்பக்கம் பாய்ந்தது. "தடுமாறுது, தடுமாறுது," என்று அதிகாரி பல்லைக் கடித்தார். மறுபடியும் வலம். மறுபடியும் இடம். பார்வையாளர் பூச்செண்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த அறையில் சொல்லிவைக்கப்படாத ஒரே ஆள் அவர்தான். அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மயிரிழை அளவு குறைத்தாள்.

மணிகள் வலப்பக்கம் சேர்ந்தன.

கைதட்டல் கூரையை எட்டியது. அவள் திருகில் கை வைத்தபடியே நின்றாள். எந்தச் சாய்வும் இல்லை. யாரும் தொடவில்லை. மேசை மட்டம். மணிகள் தாமாகப் போயிருந்தன. பார்ப்பதற்கு அது பொய்யிலிருந்து ஒரு துளிகூட வேறுபட்டிருக்கவில்லை.

"ஏன் அந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார் பார்வையாளர்.

"உங்க பக்கம் சார் அது," என்றார் இயக்குநர். பார்வையாளர் சற்று யோசித்துவிட்டு, நல்ல பதில்தான் என்பதுபோலத் தலையாட்டிப் பூச்செண்டை எடுத்துக்கொண்டார். இயக்குநர் அவள் பக்கம் குனிந்தார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "பாத்தீங்களா? ஆப்புகூட வேணாம் இப்ப. ஒரு வாரம் பழக்கினோம். கத்துக்கிச்சு."

"இல்ல சார். இன்னொரு தடவை ஓட்டினா—"

"இன்னொரு தடவை எதுக்கு? ஒரு தடவை சரியா வந்தா போதும். அதுதான் நம்ம நிலையத்தோட முறையே." தோளைத் தட்டினார். "உங்க ஆய்வேட்டுக்கு ஒப்புதல் குடுத்தாச்சு. எந்த அத்தியாயத்த வேணும்னாலும் வச்சுக்குங்க, யாரு படிக்கப் போறா? சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து ரெண்டு வார்த்தை மட்டும் பேசுங்க. மணியெல்லாம் சொன்னபடி கேட்டுச்சுன்னு. அவ்வளவுதான்."

கூட்டம் ஒற்றைக் கதவு வழியாக ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கம் போயிற்று. ஆய்வகம் காலி.

அவள் கொஞ்ச நேரம் ஆப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திருகைத் திறந்தாள். மணிகள் பறந்தன. குறைத்தாள். அலைபாய்ந்தன. இந்த முறை அவசரமில்லை. அவை வேண்டிய மட்டும் அலைபாயட்டும் என்று விட்டாள். பிறகு ஒரு மயிரிழை.

இடது.

இயந்திரத்தை அப்படியே ஓடவிட்டு நடைபாதையில் நடந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. நுழைந்தவுடன் ஒருவர் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்.

"இப்ப இடப்பக்கம் போயிருக்கு," என்றாள். "யாரும் எதுவும் சொல்லல, அதுவும் எதையும் கேக்கல. இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. சந்தேகம் இருந்தா வந்து பாருங்க. பக்கத்துக் கட்டடம்தான்."

மெல்லும் சத்தம் நின்றது. யாரும் எழவில்லை. பார்வையாளர் தட்டை வைக்க இடம் தேடினார். இயக்குநர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் வழிகாட்டியைப் பார்த்தாள். "சார், நீங்களாவது வாங்க. நீங்க மொதல்ல பாத்தது."

ஆமாஞ்சாமி எழுந்தார். பாதி. நாற்காலிக்கும் நிமிர்தலுக்கும் நடுவே, மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கதவைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். மறுபடி கதவை. எவ்வளவு நேரம் என்று அவள் அளக்கவில்லை. பிறகு பக்கத்திலிருந்தவரின் தோள் இடித்தது. உட்கார்ந்தார்.

அதிகாரி ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அதிலேயே சொன்னார். கூடம் முழுக்க அது எதிரொலித்தது.

"அந்த ரசமட்டம் என்னோடது," என்றாள் அவள். "குடுங்க."

"அது பறிமுதல் பண்ண பொருள்."

அவள் அவர் பையில் கை விட்டு அதை எடுத்துக்கொண்டாள். அப்படியும் நடக்கக்கூடும் என்று அவர் எந்தப் பயிற்சியிலும் கற்றிருக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். அவள் ஒற்றைக் கதவு வழியாக வெளியே வந்தாள். எதிரே யாரும் வரவில்லை. மோத ஆள் இல்லை.

ஆய்வகத்தில் மணிகள் இன்னும் இடப்பக்கமே அடங்கி நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ அடுத்த உரையைத் தொடங்கியிருந்தார்கள். கைபேசி ஒலித்தது.

"எந்தப் பக்கம்?" என்றார் கணவர். பின்னால் பேருந்துகளின் இரைச்சல்.

"மொதல்ல வலது. கடைசியா இடது."

"கடைசிதானே கணக்கு?"

"கடைசிதான் கணக்கு."

"ஆப்பு?"

"எடுத்துட்டேன்."

ஆப்பை எடுத்தால் வேறு எதுவெல்லாம் போகும் என்பது அவருக்கும் தெரியும். "வேலை?"

"போச்சு."

"சரி," என்றார். "வா. பாத்திரம் நான் கழுவறேன்."